இரண்டு பேருக்கான படகு

தம்பிக்குப் போட நல்ல வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேடி, அவன் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தார் அண்ணன். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. காலையில் அலுவலகப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவேயில்லை.

செருப்பு வாங்குவதென்றாலும் அண்ணனைக் கேட்டு வாங்குகிற தம்பி. நாலு பேர் நடுவில் அண்ணன் தலை நிமிர்ந்து நடந்ததே அந்தப் பெருமையில்தான்.

கட்டிலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான் தம்பியின் மைத்துனன்.

"ரெண்டு மாசம் எங்களுக்குள்ள ஒரே சண்டை, பெரியத்தான். மடக்குற படகா, காத்தடிக்கிற படகான்னு."

"படகா? யாருக்கு?"

"எனக்கும் அத்தானுக்கும்தான். ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போக. மடக்குறதுன்னா கம்பியெல்லாம் மாட்டி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும்னு நான் சொல்லுவேன். காத்தடிக்கிறதுல ஒரு முள்ளு குத்துனா ரெண்டு பேரும் மேலோகம்தாண்டான்னு அத்தான் சிரிப்பாரு. 'பேசாம நீங்க ரெண்டு பேரும் குடித்தனம் பண்ணுங்க, நான் போறேன்'னு அக்கா திட்டும்." சிரிக்கப் போனவன் அழுதான்.

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. அது துக்கமில்லை என்பது அவருக்கே தெரிந்தது. கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்க, கட்டினவளின் தம்பிக்கா ஞாயிற்றுக்கிழமையெல்லாம்?

"எனக்குத் தெரியாதா என்ன?" என்றார் விறைப்பாக. "என்னைக் கேக்காம செய்வானா? மடக்குறதுதான் நல்லதுன்னேன். 'நீ சொன்னா சரிண்ணே'ன்னுட்டான்."

மைத்துனன் அவரையே பார்த்தான்.

மேல்தட்டில் கைவிட்டு ஒரு சட்டையை இழுத்தார் அண்ணன். கூடவே ஒரு பை சரிந்து, தரையில் விழுந்து வாய் பிளந்தது. சுருட்டி வைத்த நீல ரப்பர் படகு. மிதித்துக் காற்றடிக்கும் பம்பு. நழுவாமலிருக்கக் கயிறு கட்டிய ஒரு மூக்குக்கண்ணாடி. அந்த பிரேமைத் தம்பிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரே அண்ணன்தான். படகின் மடிப்பில் ஏரிச்சேறு காய்ந்திருந்தது.

கூடத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள்.

மைத்துனன் குனிந்து ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தான். "இது என்னுது, பெரியத்தான். வீட்ல எடமில்லன்னு இங்க போட்டு வச்சிருந்தேன். அத்தான் நீங்க சொன்னதைத்தான் வாங்கறதா இருந்தாரு."

"கண்ணாடி?"

"அதுவும் என்னுதுதான்."

அண்ணன் அலமாரிக்குள்ளிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"கீறல் விழாமப் பாத்துக்க," என்றார்.