‘ஸ்’ அடிக்கிறது

“உன்னோட ‘ச’ எல்லாம் எங்க போச்சு?” என்றார் என் வீட்டுக்காரர். “பல்லு போன கெழவி பாடுற மாதிரி இருக்கு.”

ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்தது நான்தான். இப்போதைய நான் அல்ல, கல்யாணத்துக்கு முந்தைய, இடுப்பு என்று ஒன்று இருந்த காலத்து நான். எங்களுடைய ஒரே ஆல்பமான ‘செயற்கை மழை’யை ஒரு கம்பெனி மறுபடியும் இசைத்தட்டாகப் போடப்போகிறது. சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டே பேர் செய்த பாட்டுகள். வெளிவந்த வருஷம் அதைச் சீண்ட ஆள் இல்லை. இப்போது யார் யாரோ தேடிப்பிடித்துக் கேட்கிறார்களாம். பழைய டேப்பைச் சுத்தம்செய்து ஒலியைச் சரிசெய்யும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினால் சாயங்காலமே அச்சுக்குப் போய்விடும்.

“இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க,” என்றார் ஸ்டூடியோ இன்ஜினியரிடம்.

இன்ஜினியர் நாற்பதைத் தாண்டிய மனிதர். அவருடைய அக்கா அந்தக் காலத்தில் வந்த கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டாராம், அதனால் இவருக்கும் எல்லாப் பாட்டும் மனப்பாடம். முதல் நாள் எங்களைப் பார்த்தபோது கை கொடுக்கலாமா கும்பிடலாமா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப்பாதி செய்தார். அப்பேர்ப்பட்ட ரசிகர் என் வீட்டுக்காரரிடம் எப்படி மறுத்துப் பேசுவார்? குமிழைத் திருகினார். என் குரலில் இருந்த ஒவ்வொரு ‘ச’வும் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் கிளம்பியது. எனக்குப் பல் கூசியது. இன்ஜினியரின் ஒரு கண் தானாக மூடித் திறந்தது.

“இன்னும்,” என்றார் இவர். இன்ஜினியர் இன்னும் திருகினார். “ஹாங்! இப்பதான் உயிர் வந்துருக்கு.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, தாகமே இல்லாமல் இரண்டு குவளை குடித்தேன்.

இந்த மனிதருக்கு ஒரு காலத்தில் பாம்புச்செவி. டயர்கடைக்கு மேல் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்துத்தான் அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்தோம். எங்கே போனாலும் சிந்தசைசரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவதால் இவரைச் சிநேகிதர்கள் ‘பொட்டி’ என்று கூப்பிடுவார்கள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் இயந்திரம் ஓடவில்லை, கடையே மூடிக்கிடந்தது. ஆனால் இவர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். “கீழ ஏதோ டியூப்ல காத்து கசியுது,” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் போய்க் கதவிடுக்கில் காதை வைத்துவிட்டு வந்து, “நான் சொன்னேன்ல?” என்று சிரித்தார். கடைக்காரர் வந்து திறந்து, அந்த டியூபைக் கண்டுபிடித்து வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கும்வரை எனக்கு வேலை இல்லை. இந்தக் காதைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. மூக்கும் முழியும் அதற்குப் பிறகுதான்.

அந்தக் காதிடம் நான் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு சந்து. ‘ச’ வரும் இடமெல்லாம் அதன் வழியாகக் காற்று சீறும். “‘ஸ்’ அடிக்குது, மறுபடி,” என்பார். மறுபடி பாடுவேன். “அடிக்குது.” பாட்டு வரியோ, ‘சாயங்காலச் சன்னலில் சிந்தும் செயற்கை மழை’. எழுதியது யார்? இவரேதான். வரியை எழுதியவர் ஜம்மென்று உட்கார்ந்திருக்க, வாங்கிக் கட்டிக்கொண்டது நான். சன்னலைக் கதவாக மாற்றலாமே என்றேன், முறைத்தார். கடைசியில் யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, ஒரு பென்சிலை மைக்குக்கு நேர் முன்னால் செங்குத்தாக நிறுத்தி, என் தலையிலிருந்த ரப்பர் பேண்டையே பிடுங்கி அதைக் கட்டினார். வாயிலிருந்து வரும் சீறல் பென்சிலில் பட்டு இரண்டாகப் பிரிந்து போய்விடுமாம். முடி கண்ணில் விழ, எழுதும் பென்சிலைப் பார்த்துக்கொண்டே காதல் பாட்டுப் பாடினேன். அன்றைக்கு எனக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்தார். பேத்தி பிறந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. “விசில், மூக்குக்கண்ணாடியப் பாத்தியா?” “விசில், கதவப் பூட்டிட்டியா?”

விசில் என்று கூப்பிடுகிற வாய் இருக்கிறது. விசில் கேட்கிற காதுதான் இல்லை.

எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. குக்கர் கத்திக்கொண்டே இருக்க, பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு கூழாகிவிட்டது, விளையாட்டுக்குச் செய்கிறார் என்று திட்டினேன். பிறகு அழைப்பு மணி. பிறகு மகள் போனில் பேசினால், “ஏன் எல்லாரும் இப்ப வாய்க்குள்ளயே பேசறாங்க?” என்று அலுத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்டலாம் என்று மகள் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். “என் காதையா? நல்லாருக்கே!” அதோடு மகள் விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். மணி அடித்தால் நான் எழுந்து போகிறேன். மகள் சொன்னதை அப்படியே உரத்துத் திருப்பிச் சொல்கிறேன், ஏதோ நானே யோசித்துச் சொல்வதுபோல. அவருக்குக் குறை தெரியாமல் நான் ஒப்பேற்றிக்கொண்டு வருகிறேன்.

இன்ஜினியர் என் பின்னாலேயே வந்துவிட்டார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது இப்படியே வெளிய போச்சுன்னா ஒரு பாட்டுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. உங்க குரல் அது. எனக்கு மனசே ஆறல.”

“தெரியுது.”

“சாருக்கு…” என்று ஆரம்பித்தவர் தன் காதைத் தொட்டுவிட்டு, சட்டென்று கையை எடுத்து ஏதோ சொறிவதுபோல் செய்தார். “நான் ஒண்ணு செய்யட்டுமா? சார் கேக்கறதுக்கு ஒண்ணு, அனுப்பறதுக்கு ஒண்ணு. சார் ஓகே சொல்லட்டும், நான் சரியானத அனுப்பிடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது.”

ஒரு நிமிஷம் எனக்கு அது அமிர்தமாக இருந்தது. மறைத்து என்ன, எனக்கு அந்தக் குரல் வேண்டும். அந்த ஆல்பத்துக்குப் பிறகு நான் எங்கேயும் பாடவில்லை. குழந்தை, வேலை, மாமியார், முழங்கால் வலி என்று வரிசையாக வந்து, குரல் எப்போது கிளம்பிப் போனதென்றே தெரியவில்லை. அந்த ஒன்பது பாட்டில்தான் அது இருக்கிறது. அதைத் தகரமாக்கி ஊருக்குக் கொடுக்க என்னால் ஆகாது.

ஆனால் இசைத்தட்டு வீட்டுக்கு வரும். இவர் உறையைத் தடவிப் பார்த்து, சுழலவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ‘ச’ எங்கே என்று தேடுவார். கிடைக்காது. யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்பேன். எங்கோ பூட்டிய கடையில் டியூப் கசிவதைக் கேட்ட மனிதரை, அவருடைய பாட்டை வைத்தே ஏமாற்றிவிட்டுச் சாகும்வரை தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும். நினைத்தபோதே எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

“அவர் தெரிஞ்சுக்கட்டும்,” என்றேன். “நீங்க ஒரு கால் மணி நேரம் வெளிய இருங்க. உள்ள பாடற ரூம் மைக்க மட்டும் ஆன் பண்ணிக் குடுத்துடுங்க.”

வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். இவர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், குமிழ்களுக்கு முன்னால் உட்கார்ந்து, சின்னப்பையன்போல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகிவிட்டது. ‘உங்களுக்குக் காது’ என்பதுவரை நாக்கு வந்து நின்றுகொண்டது. சொன்னாலும் என்ன ஆகும்? மகளிடம் சிரித்ததுபோல் என்னிடமும் சிரிப்பார்.

மேசைமேல் ஒரு பென்சில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

“என்ன, திடீர்னு?” என்றார்.

நேருக்கு நேர் நின்று, வாயசைவு தெரிகிறமாதிரி நிறுத்திப் பேசினேன். “உள்ள போய் அந்த வரியப் பாடிப் பாக்கறேன். ‘ஸ்’ அடிக்குதான்னு நீங்க சொல்லுங்க. பழையபடி.”

அவர் முகம் மலர்ந்தது. “ஏய், இந்த வயசுலயா?” என்றபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பாடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றினேன். பென்சிலை மைக்குக்கு முன்னால் நிறுத்திக் கட்டுவதற்குள் இரண்டு தடவை நழுவியது. நரைத்த முடி கண்ணில் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

கட்டி முடித்ததும் மனசு மாறி, பென்சிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டேன். மைக்குக்கு அருகில் வாயை வைத்து, பல்லைச் சேர்த்து, அந்தச் சந்து வழியாக ஊதினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பேசுவதற்கான பொத்தானை அழுத்தினார். “ம். ரெடி. ஆரம்பி.”

மூச்சை வாங்கி மறுபடியும் ஊதினேன். அறை முழுக்க அதே சத்தம்.

“விசில், ஆரம்பிம்மா. ஏன் சும்மா நிக்கிற?” பிறகு, “மைக் ஆன்ல இருக்கான்னு பாக்கறேன், இரு,” என்று குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. அவருக்கு முன்னாலிருந்த, ஒலியளவைக் காட்டும் திரையில் என் மூச்சு பச்சையாக ஏறி, மஞ்சளைத் தாண்டி, சிவப்பில் போய் நின்றிருந்தது. அதன் வெளிச்சம் அவர் கன்னத்தில் தெரிந்தது. நான் நிறுத்தினேன், சிவப்பு இறங்கியது. ஊதினேன், ஏறியது. மூன்றாவது முறை அவர் தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், பிறகு வாயை.

எனக்குக் கண் மறைத்தது. ஆனாலும் மூச்சு தீரும்வரை நிறுத்தவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. இரண்டு கைகளாலும் அதைக் காதோடு சேர்த்து இறுக்கி அழுத்திக்கொண்டு, கண்ணை மூடினார்.