கரிக்கோட்டுச் சுவர்

கீழராஜ வீதியை அகலப்படுத்த ஆத்மநாதனின் வீட்டை இடிப்பதென்று முடிவாகிவிட்டது. இரண்டு வருஷம் மனு மேல் மனுவாக எழுதிப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. சமஸ்தான காலத்து வீடு என்பதால், இடிக்குமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ள மட்டும் சர்க்கார் சம்மதித்தது. அதற்கே மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீடு சர்க்கார் ஃபைலில் அழுக்காகவா போய் உட்காரும்? பெரியகருப்பனைக் கூப்பிட்டு, உள்ளும் புறமும் ஓர் இடம் விடாமல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். இடிபடப்போகும் வீட்டுக்கு வெள்ளையடித்த புண்ணியவான் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

அப்போது அவர் மனைவி சொர்ணவல்லி ஊரில் இல்லை. தங்க இடம் கேட்டு அரிமளத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். படம் எடுக்கும் நாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசலில் வெள்ளையைப் பார்த்தும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. படத்துக்காக முகப்பை மட்டும் அடித்திருப்பார் என்று நினைத்தாள். நேரே படக்காரர் ரெங்கராஜிடம் போய் நின்றாள்.

"கூடத்துச் செவுத்துல எம்மக அமிர்தம் ஒசரத்துக்குக் கோடு போட்டிருக்கு. அத மட்டும் ஒரு படம் எடுத்துக் குடுங்க தம்பி."

ஆத்மநாதனுக்கு அப்போதுதான் அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் மகளை நிறுத்தி, தலைக்கு மேல் கரிக்கோடு இழுத்தவரே அவர்தான். ஏழு வயதுக் கோட்டோடு அது நின்றுபோயிற்று. பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதன்பின் பதினாலு வருஷமாக, வெள்ளையடிக்கும்போதெல்லாம் சொர்ணவல்லி அந்த இடத்தில் முதுகை ஒட்டி நின்றுகொள்வாள். சுண்ணாம்பு அடிக்கும் மட்டை அவளைச் சுற்றிக்கொண்டு போகும். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கூடத்துச் சுவர் பளிச்சென்று இருந்தது. சொர்ணவல்லி முந்தானையை நனைத்து மெல்லத் துடைத்தாள். சுண்ணாம்போடு கரியும் கரைந்து சாம்பலாக வழிந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் ரெங்கராஜ் கேமராவோடு நின்றார். அவள் சுவரோரம் போய் நின்று, இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"எம்புட்டு ஒசரம்னு எனக்குத் தெரியும். எடுங்க."

கை நடுங்கியது. அசையக்கூடாது என்று ரெங்கராஜ் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். முழங்கையைத் தாங்கிப் பிடிக்கலாமென்று ஆத்மநாதன் ஓரடி எடுத்துவைத்தார்.

"நீங்க அங்கிட்டே நில்லுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவர் நின்றார்.

வீடு போன எட்டாம் நாள் படம் வந்தது. அதில் சுவர் தெளிவாக விழுந்திருந்தது. அவள் கை மட்டும் கலங்கிப்போயிருந்தது. எந்த உயரத்தில் வைத்திருந்தாள் என்று சொல்ல முடியவில்லை.