மக்னோலியாவுக்குப் பாத்தி கட்டச் சொன்னவர்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் ஒட்டுக் கேட்ட கதை. மாங்குளத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்தேன். வயல்காரர் அப்புத்துரைக்குக் காது கொஞ்சம் மந்தம். கனடாவிலிருந்து தங்கை கமலாசனி அழைப்பு எடுத்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். பிறகு கடையே கேட்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி வெள்ளைப் போர்வையாக…’

நிறுத்திவிட்டேன். மீன் பெட்டியில் கிடக்கும் ஐஸைத் தவிர உறைந்த தண்ணீரை நான் கண்டதே இல்லை. பொய் சொல்லலாம், ஆனால் தெரிந்த பொய்யைச் சொல்லவேண்டும்.

ஆகவே நேராகவே வருகிறேன். 2003 ஆனியில் கமலாசனி வீட்டு முன்றலில் ஒரு மக்னோலியாக் கன்று நட்டார். வெயில் நாட்டுப் பூமரம். குளிர் தாங்கும் இனம் என்று விற்றார்களாம்.

“இலை எங்கட பலா இலை மாதிரியே இருக்கண்ணை. அதைக் கண்டிட்டுத்தான் வாங்கினனான்.”

“சுத்திவரப் பாத்தி கட்டு பிள்ளை. அடியில தண்ணி நிண்டால் எந்த மரமும் பிழைக்கும்.”

[அடிக்குறிப்பு: இங்கே தென்னைக்கும் தேசிக்காய் மரத்துக்கும் அப்படித்தான். வேறு என்ன சொல்வார்?]

கமலாசனி கட்டிய பாத்தியை மழை நிரப்பியது. குளிர் அதை உறைய வைத்தது. அடிமரப் பட்டை வெடித்து, வசந்தம் வரும்போது கன்று பட்டுப்போயிருந்தது.

3.
செய்தியைக் கேட்டு அப்புத்துரை அழுதார் என்று ஒரு பிரதியில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அழுகிற ஆளில்லை.

“அப்ப என்ர பாத்திதான் அதைச் சாகடிச்சிருக்கு” என்றார்.

கமலாசனி மறுத்துப் பேசவில்லை.

4.
2005இல் இன்னொரு கன்று. ஐப்பசியில் அழைப்பு வந்தது.

“இதுவும் பட்டால் இனி முத்தத்தில புல்லுத்தான் எண்டு என்ர மனுசன் சொல்லிப்போட்டார். என்ன செய்யிறது அண்ணை?”

“என்னட்டையோ கேக்கிறாய்?”

“வேற ஆரிட்டக் கேக்கிறது?”

முந்திய முறை ஒரு கேள்வியும் கேட்காமல் உத்தரவு போட்டவர், இப்போது கேட்கத் தொடங்கினார். காற்று எந்தப் பக்கத்தால் வரும்? தண்ணீர் எங்கே தேங்கும்? நிலம் எவ்வளவு ஆழத்துக்கு இறுகும்?

“மண்ணை மேடா அணை. தண்ணி வழிஞ்சு ஓடவேணும். வடக்குப் பக்கம் சாக்கு மறைப்புக் கட்டு, இஞ்ச கண்டுக்கு வெயில் மறைக்கிற மாதிரி. அங்கத்தைய ஆக்களிட்டயும் ஒருக்காக் கேட்டுக்கொள்.”

“கேப்பன். ஆனா நீங்கள் சொல்லுறதைத்தான் முதல்ல செய்வன்.”

அழைப்பு முடிந்த பிறகும் அப்புத்துரை கடை வாங்குப் பலகையில் அப்படியே இருந்தார். பயந்துபோயிருந்தார்.

5.
மார்கழியில் கடையை மூடிவிட்டு வவுனியாவுக்கு வந்துவிட்டேன். இதை எழுதுவது 2006 மாசியில். மரம் பூத்தது என்று ஒரு முடிவு வைத்திருக்கிறேன், அது சினிமா. பட்டுப்போனது என்று இன்னொன்று, அது சோம்பல். மூன்றாவது முடிவில் அப்புத்துரை கனடாவுக்கே

(வேண்டாம்.)

அங்கே பனி இன்னும் கரையவில்லை. மரத்தின் கதி எனக்கு மட்டுமல்ல, கமலாசனிக்கும் தெரியாது. எனவே முடிவை நீங்களே எழுதுங்கள். மரத்தை வாழவையுங்கள், சாகவிடுங்கள், உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் மாற்ற விடமாட்டேன்: மரம் பட்டாலும், கமலாசனி அடுத்த கன்றை வாங்கிவிட்டு அண்ணனுக்குத்தான் அழைப்பு எடுக்கவேண்டும்.