வீடு இருந்த இடத்துக்குப் போன காசோலைகள்

1

"ட்வைலா கார்ல்டன் இங்கதானே குடியிருக்காங்க?"

கம்பிவலைக் கதவுக்கு வெளியே நின்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். இந்தக் கதை பிறந்தது அந்தக் கேள்வியில்தான். "அப்படி யாரும் இல்லீங்க" என்றேன். ட்வைலா என் அம்மா. கோழி இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

(முதலில் 'அன்று மழை பெய்தது' என்று தொடங்கியிருந்தேன். பெய்யவில்லை. எங்கள் ஆர்கன்சா மாநிலத்தில் ஜூனுக்கு முந்தைய வெயில். அடித்துவிட்டேன்.)

2

பொய்க்குக் காரணம் சொல்ல வேண்டும். அவள் கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை தொங்கியது. பள்ளியிலிருந்து என்னைப் பிடிக்க வந்தவள் என்று நினைத்தேன். பிப்ரவரியிலேயே நான் படிப்பை நிறுத்தியாயிற்று. அம்மாவுக்குத் தெரியாது. காலையில் பையோடு கிளம்புவேன்; அவள் கார் போனதும் திரும்பி வந்து நோட்டில் எழுதுவேன்.

"பேரு லோர்னா. பிள்ளைங்க பராமரிப்புத் தொகை ஆபீஸு. காசு கேக்க வரல கண்ணு, குடுக்க வந்திருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

[இவ்வளவு துடுக்காக நான் பேசவில்லை. "ம்" என்றேன், அவ்வளவுதான். கதையிலாவது பேசிக்கொள்கிறேனே.]

3

எங்கள் வீடு சக்கரம் வைத்த வீடு. மனைவாடகை ஏறியதும் லாரியில் கட்டி இங்கே இழுத்து வந்தோம். பழைய விலாசத்துக்குப் போன காசோலையெல்லாம் திரும்பிவிட்டதாம்.

"நேர்ல போய்ப் பாத்தேன். வீடு இருந்த எடத்துல நாலு கல்லும் ஒரு பூனையும்தான். பூனைக்கிட்ட கையெழுத்து வாங்க முடியுமா? அப்புறம்தான் தோணுச்சு, வீடு எங்க போனாலும் அடுப்புக்கு கேஸ் வேணுமேன்னு. கேஸ்காரரப் பிடிச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வாங்கலேன்னா காசு கேட்பாரில்லாத கணக்குக்குப் போயிடும். திரும்ப வாங்கறது பெரும்பாடு. அவங்களத் தெரிஞ்சா சொல்லு."

எங்கள் பக்கத்தில் அரசாங்கம் தேடி வந்தால் எதையாவது பிடுங்கத்தான். கொடுப்பதற்காக இவ்வளவு அலையும் ஒருத்தியை எப்படி எழுதுவது? நம்பும்படி ஒரு குறை வைக்கலாமென்று பார்த்தேன். காரைக் கோணலாக நிறுத்தியிருந்தாள். அதைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

4

அவள் காரில் ஏறினாள். நான் இந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். 'பொய் சொன்னேன். அம்மா நாலு மணிக்கு வருவாங்க.' ஓடிப்போய்க் கார்க் கண்ணாடி இடுக்கில் செருகிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே ஓடி வந்துவிட்டேன்.

அப்போது மணி பதினொன்று. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, அந்த வெயிலில் அவள் காத்திருந்தது ஒரு

(வேண்டாம். காத்திருந்தாள்.)

மூன்றரைக்குப் பள்ளிப் பேருந்து போனது. அதிலிருந்து இறங்கி வந்ததுபோல, நான் பையை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து முன்வாசலில் உட்கார்ந்தேன். அவள் பார்த்தாள்.

5

அம்மா காரிலிருந்து இறங்கும்போதே சத்தம் போட்டாள். "நான் எதுவும் தவணைல வாங்கல! யாருக்கும் ஒன்னும் கட்ட வேண்டியதில்ல!"

"உங்க காசும்மா. நாலு மணிக்கு வருவீங்கன்னு காத்திட்டிருந்தேன். பிள்ளையோட அப்பா ராய்ஸ் சம்பளத்துல பிடிச்சது. பதினோரு மாசத்துக்கு."

"அந்த ஆளா? ஒரு சென்ட் குடுத்ததில்ல!"

"குடுத்திருக்காரு. நாங்கதான் உங்க வீட்டத் தொலைச்சிட்டோம்."

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைத் திட்டித் திட்டியே நாங்கள் சாப்பிட்ட ராத்திரிகள் எத்தனையோ. அந்த நேரத்தில் அவள் முகத்துக்கு மூன்று உவமை எழுதினேன். மூன்றும் பொய். பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் லோர்னா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். இன்னொன்றில் நானே சொல்லிவிடுகிறேன், அம்மா அழுகிறாள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. அன்று ராத்திரி நான் அம்மாவிடம் என்ன சொன்னேன், சொன்னேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவே:

அம்மா பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆமா, நான் நாலு மணிக்கு வருவேன்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

லோர்னா என் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த என் நோட்டுத் தாளை விரலால் உள்ளே தள்ளினாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.