பாடியவர் சறோஜா

"ஆபிரிக்காவிலை பத்தாயிரம் பேர் ஒரே மூச்சிலை என்ர தங்கச்சியின்ர பேரைச் சொல்லி அழுதவை. அழுத கண்ணீரிலை ஏரித்தண்ணி ரெண்டு விரல்கடை உயர்ந்து, கரையிலை படுத்துக்கிடந்த நீர்யானையெல்லாம் எழும்பி மேட்டுக்குப் போட்டுதுகள்."

ஞாயிறு பூசை முடிந்து, கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் கொன்ஸ்ரன்ரைன் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு றோல்ஸை எடுத்து, நீர்யானை கடிப்பதுபோல் பாதியைக் கடித்தார்.

"அண்ணை, போன முறை ஐயாயிரம் பேர் எண்டெல்லோ சொன்னியள்," என்றார் குணரத்தினம். அவர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். பூசைக்கு வராவிட்டாலும் றோல்ஸுக்குத் தவறமாட்டார்.

"போன முறை மலைக்குப் பின்னாலை நிண்டவையை நான் எண்ணேல்லை."

மண்டபமே சிரித்தது. தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்ற அந்தத் தங்கச்சி சறோஜா மட்டும் சிரிக்கவில்லை. பானையின் மூடியைச் சத்தம் வராமல் மூடிவிட்டு வெளியே போனாள்.

கொன்ஸ்ரன்ரைன் சொன்ன பொய்களை ஒரேத்தோ ஆற்றில் கொட்டினால் ஆறு பாலத்தைத் தாண்டி ஓடும் என்பது இத்தாலியின் பலெர்மோ நகரத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷம் புரொஃபெசோரே என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பேராசிரியர் வீட்டில் சமையலும் சாரத்தியமும் பார்த்துவிட்டு, இப்போது பென்ஷன் எடுக்கிறார். அந்தப் புரொஃபெசோரே கிழக்கு ஆபிரிக்காவின் ஊர் ஊராகப் போய், அங்கத்தைய பழங்குடிகளின் பாட்டுக்களை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு வந்தவர். ஒரு தடவை கொன்ஸ்ரன்ரைனையும் சமைக்கக் கூட்டிப்போனார். போன இடத்தில் உதவிக்கு ஆள் வராததால் மைக்கைக் கம்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. அந்த ஒரு மாதத்திலிருந்து முந்நூறு கதை முளைத்துவிட்டது. எறும்பு பெருமூச்சு விட்டதைப் பதிந்த மைக். உள்ளே ஒரு குடும்பம் குடியிருந்த பறை. இரண்டாம் குரல் பாடிய சிங்கம். மற்றக் கதைகளுக்கெல்லாம் சறோஜாவும் சிரிப்பாள். இந்த ஒன்றுக்கு மட்டும் அவளால் முடியாது.

ஏனென்றால் அந்த ஒரு மாதத்தில்தான் அம்மா மடுக்காட்டில் இறந்தாள்.

சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலம். காய்ச்சல் மூன்று நாளில் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்குப் பார்த்து றோட்டில் இராணுவம் ரோந்து போனது. சத்தம் போடாமல் அடக்கிவிட்டு வாருங்கள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு தாய் போனால் மகள் ஒப்பு வைத்து அழவேண்டும். ஊர் கேட்க, உறவு கேட்க அழவேண்டும். சறோஜா சேலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு குழிக்கரையில் நின்றாள். மதலேனம்மா என்ற அந்தத் தாய், ஒரு சொல் ஒப்பாரிகூட இல்லாமல் மண்ணுக்குள் போனாள். பிறகு சறோஜாவும் பலெர்மோ வந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, ஊரார் வீட்டுத் தரையெல்லாம் துடைத்துவிட்டாள். அந்தத் தலைப்பு மட்டும் இன்னும் வாய்க்குள் இருப்பதுபோல்தான் இருக்கும்.

அழாத அந்த அழுகையைத்தான் அண்ணன் நீர்யானையோடு சேர்த்துப் பகிடி ஆக்கினார்.

அன்றைக்குக் கோயில் வாசலில் அவரை மறித்தாள்.

"அண்ணா, வாற கிழமை மரித்தோர் திருநாள். அம்மாவுக்குப் பூசை ஒப்புக்குடுத்திருக்கிறன். அண்டைக்கும் நீ இந்தக் கதையை எடுத்தா, நான் உன்ர வாசல்படி மிதிக்கமாட்டன். நான் செத்தாலும் நீ வராதை."

"சறோ, அது நடந்தது பிள்ளை."

"என்ர பேரைச் சொல்லி?"

"உன்ர பேரைச் சொல்லித்தான்."

"நான் வாயே திறக்கேல்லை அண்ணா. என்ர அம்மாவுக்கே நான் வாய் திறக்கேல்லை. ஆபிரிக்காவிலை ஆருக்கு என்ர பேர் தெரியும்?"

"சரி, அண்டைக்கு எடுக்கமாட்டன்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். அவர் கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியது இவள் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்து சறோஜாவின் போன் அடித்தது. சிஞ்ஞோரா ஒர்நெல்லா, புரொஃபெசோரேயின் மகள். அவர் நோயாய்க் கிடந்த கடைசி வருஷங்களில் அந்த வீட்டைத் துப்புரவாக்கினவள் சறோஜாதான், அந்தப் பழக்கம்.

"சறோஜா, நீ எப்போதாவது கென்யாவுக்குப் போயிருக்கிறாயா?"

"சிஞ்ஞோரா, நான் றோமுக்கே பாஸ்போட் வேலையாய்த்தான் போனனான்."

"அப்படியென்றால் அப்பாவின் ஒலிநாடாவில் நீ எப்படிப் பாடுகிறாய்?"

சிஞ்ஞோரா விளங்கப்படுத்தினாள். அப்பாவின் நாடாக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் யார் என்று சொல்லவேண்டும். ஒரு பாட்டுக்குச் சறோஜா என்று பேர் வருகிறது. ஆனால் குரல் ஆம்பிளைக் குரல். மொழி எதுவென்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சறோஜா அண்ணனுக்குப் போன் எடுத்தாள். "வெளிக்கிடு. உன்ர பொய்யை உன்ர காதாலையே கேட்க வா."

வழக்கமாக பஸ் ஏறினால் இறங்கும்வரை கதைக்கிற மனுஷன். அன்றைக்கு பஸ்ஸிலும் வாய் திறக்கவில்லை. வியா மக்வேதா என்ற பெருந்தெருவில் இறங்கி, சுற்றுலாக்காரரை இடித்துக்கொண்டு நடந்தபோதும் ஒரு சொல் இல்லை. சறோஜா இரண்டு தடவை திரும்பி, அவர் வருகிறாரா என்று பார்த்தாள்.

வீட்டில் புரொஃபெசோரேயின் மேசை அப்படியே இருந்தது. பெட்டிகளுக்கு நடுவே சிஞ்ஞோரா கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவர்களை இருத்தினாள்.

முதலில் காற்று. பிறகு கோழி. யாரோ ஒரு குழந்தை இருமியது. எட்டு நரம்புள்ள ஒரு வாத்தியத்தை யாரோ மீட்ட, கால்விரலில் மாட்டிய இரும்பு வளையம் அதன் சட்டத்தைத் தட்டித் தாளம் போட்டது. பெண்கள் அழுதுகொண்டே பாடினார்கள். நடுவில் ஒரு நீண்ட கனைப்பு.

"இதுதானோ உன்ர சிங்கம்?" என்றாள் சறோஜா.

கொன்ஸ்ரன்ரைன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆடு."

"பத்தாயிரம் பேர்?"

"கொஞ்சம் குறைவு."

அவளுக்குள் ஒரு பழைய கோபம் வெற்றிபெற்றுக்கொண்டு வந்தது. அப்போதுதான் புரொஃபெசோரேயின் குரல் இத்தாலியனில் கேட்டது. நியாமோரி கிராமம், இழவு வீடு என்றார். பிறகு கேட்டார்: "யார் பாடுவது?"

ஒரு ஆம்பிளைக் குரல், மூக்கடைத்த குரல், சொன்னது: "சறோஜா."

நாடா கொஞ்சநேரம் சும்மா ஓடியது. புரொஃபெசோரேக்கு அது யாருடைய பேர் என்று தெரிந்திருக்கவேண்டும். திருத்தவில்லை. "யாருக்காக?"

"என்னுடைய அம்மாவுக்காக."

சிஞ்ஞோரா அதிலேயே நிறுத்தினாள். அந்த வீட்டில் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கொஸ்தா என்றுதான் பேர். "கொஸ்தா, இது உன் குரல்தானே? ஏன் உன் பேரைச் சொல்லவில்லை?"

கொன்ஸ்ரன்ரைன் சிஞ்ஞோராவைப் பார்க்காமல் தங்கச்சியைப் பார்த்துத் தமிழில் சொன்னார். கைகளை ஆட்டவில்லை. குரலை ஏற்றி இறக்கவில்லை.

"முதல் நாள் பின்னேரந்தான் அங்கத்தைப் பாதிரிமாரின்ர மிஷன் ரெலிபோனிலை எங்கட சொந்தக்காரன் ஜோக்கிம் கதைச்சவன். அம்மா போட்டா, வாய்பொத்தி அடக்கிப்போட்டினம், சறோ அழக்கூட இல்லை எண்டு சொன்னவன். அடுத்த நாள் இந்த ஊரிலை ஒரு கிழவியின்ர செத்தவீடு. நான் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அங்கை செத்தவீட்டிலை ஒருத்தரும் சும்மா நிக்கேலாதாம். தன்ர ஆக்களிலை செத்தவையை நினைச்சு அழவேணும். அழுற ஆளின்ர பேரைச் சுத்தி நிக்கிறவை திருப்பித் திருப்பிக் கூப்பிடுவினம். செத்த ஆளுக்குத் தெரியவேணுமாம், ஆர் அழுறதெண்டு. ஒரு மனுசி வந்து என்ர நெஞ்சிலை கைவைச்சு, உனக்கு ஆர் செத்தது எண்டு கேட்டா."

"அதுக்கு?"

"ஆம்பிளை ஒப்பாரி வைக்கிறேல்லைத்தானே. மகள்தான் வைக்கவேணும். என்ர பேரைக் குடுத்தா அம்மாவுக்கு அது கணக்கிலை வராது." மூக்கை உறிஞ்சினார். "அதான் உன்ர பேரைக் குடுத்தனான்."

சறோஜா சிஞ்ஞோராவிடம் கையைக் காட்டினாள். போடுங்கோ.

தவக்காலத்தில் மன்னார்க் கோயில்களில் அழுது பாடுகிற அந்த ராகம். முப்பத்தைந்து வயதுக்கும் மேற்பட்ட ஒரு ஆம்பிளை, பெண்பிள்ளைக் குரலெடுத்துப் பாடினார். குரல் இரண்டு இடத்தில் கிழிந்தது.

*காட்டு வழி போனவளே, கண்மூடிப் போனவளே,*
*வாய்பொத்தி நிண்ட பிள்ளை, வாய்திறந்து அழுறன் அம்மா,*
*உன்ர மகள் சறோ அழுறன், ஊர் கேக்க அழுறன் அம்மா.*

பிறகு அந்தப் பெண்கள் எடுத்தார்கள். "சாரோ," என்றாள் ஒருத்தி, தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிடுவதுபோல். "சாரோ, சாரோ," என்றார்கள் மற்றவர்கள். முப்பது பேரோ நாற்பது பேரோ, ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாதவர்கள், நரம்பு வாத்தியத்தோடும் இரும்புத் தாளத்தோடும் அந்தப் பேரை மேலே மேலே அனுப்பினார்கள். அம்மாவுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக. பேர் கொஞ்சம் மாறிப்போயிருந்தது. ஆனால் அம்மா கூப்பிடும்போதும் அவசரத்தில் அப்படித்தான் இழுப்பாள்.

சறோஜா தன் கை வாயைப் பொத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். எப்போது பொத்தினாள் என்று தெரியவில்லை. கையை எடுத்தாள். எடுத்த வாயிலிருந்து வந்த சத்தத்தை அவளே அதற்கு முன் கேட்டதில்லை. கீழே தெருவில் போன சனமெல்லாம் நின்று மேலே பார்த்திருக்கும். சிஞ்ஞோரா யாரும் கேட்காமலே எழுந்து கோப்பி போடக் குசினிக்குப் போனாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு சறோஜா முகத்தைத் துடைத்தாள். "இதை இப்பிடியே சொல்லியிருக்கலாமே அண்ணா. சிங்கத்தை ஏன் கொண்டுவந்தனீ?"

"சிங்கம் இல்லாமல் ரெண்டுதரம் சொல்லிப்பார்த்தனான் பிள்ளை. பாதியிலை என்ர தொண்டை நிண்டுபோகுது."

சிஞ்ஞோரா கோப்பியோடு வந்து கேட்டாள்: பாடியவர் பேரைக் கொன்ஸ்ரன்ரைன் என்று மாற்றட்டுமா?

"மாத்தவேண்டாம் சிஞ்ஞோரா," என்றாள் சறோஜா. "அதை நான்தான் பாடினது."

மரித்தோர் திருநாளன்று பூசை முடிந்து மண்டபம் நிறைந்திருந்தது. மேசையில் றோஸ்மேரி அக்கா கொண்டுவந்த, பாதாம் மாவில் செய்த மார்ட்சிப்பான் பழங்கள், அசல் பழம் வெட்கப்படுகிற நிறத்தில். கொன்ஸ்ரன்ரைன் ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு இருந்தார். கொடுத்த வாக்கு.

குணரத்தினம் விடுவாரா. "என்னண்ணை, இண்டைக்கு நீர்யானைக்கு லீவோ? அந்தப் பத்தாயிரம் பேரும் செத்துப்போச்சினமோ?"

கொன்ஸ்ரன்ரைன் தங்கச்சியைப் பார்த்தார்.

சறோஜா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். "பத்தாயிரம் பேர் இல்லை குணம் அண்ணை. நாப்பது பேர் இருக்கும். சிங்கம் இல்லை, ஆடு."

"ரெண்டு ஆடு," என்றார் கொன்ஸ்ரன்ரைன் மெதுவாக.

மண்டபம் சிரிக்கத் தொடங்கியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தொடங்கிய இடத்திலேயே நின்றது.

"என்ர பேரைச் சொல்லித்தான் அழுதவை," என்றாள் சறோஜா. "நான் கேட்டனான். அது நடந்தது."