பத்துக் கட்டம்

சாஃப்ட்வேர் எழுதுகிற கண்ணுகளா, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்ட உட்காருங்கள். ஒருத்தன் தலைகுனிந்த கதையைச் சொல்கிறேன்.

விழுப்புரத்தில் மணிமாறன் என்று ஒரு பிள்ளை. திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவன்தான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தான். ஆபரேஷன் தேதி மாறினால் வீட்டாருக்குத் தானாகவே மெசேஜ் போகும். வீட்டாருடைய போன் நம்பரை அடிக்கச் சரியாகப் பத்துக் கட்டம் வைத்தான்.

முதல் மாதமே கவுண்டரிலிருந்து சங்கவி கூப்பிட்டாள். "அண்ணா, வெளிநாட்டு நம்பர் ஏற மாட்டேங்குது."

"திண்டிவனத்துக்கு எந்த வெள்ளக்காரன் வைத்தியத்துக்கு வரப்போறான்? சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத."

கட்டம் நிரம்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவள் என்ன செய்வாள்? கோளாறு வந்தால் கூப்பிட மானிட்டரில் ஒட்டியிருந்த மணிமாறன் நம்பரையே அடித்துவிடுவாள்.

கோட்டக்குப்பத்து ஆசியா பீவிக்குச் சனிக்கிழமை இருதய ஆபரேஷன். ஒரே மகன் உஸாமா கத்தாரில். "எம்புள்ள மொகத்தப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்றிருந்தார். அவனும் வியாழக்கிழமை வர டிக்கெட் எடுத்திருந்தான். செவ்வாயன்று அவருக்கு மூச்சுத் திணற, அக்கம்பக்கத்தார் அவசர வார்டில் சேர்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளே ஆபரேஷன் என்றார் டாக்டர். வார்டுக்குள் போன் கூடாது. "மகனுக்கு மெசேஜ் போயிடுச்சும்மா" என்றார்கள்.

போனது. மணிமாறனுக்கு. ஏதோ டெஸ்ட் மெசேஜ் என்று டீயைக் குடித்துக்கொண்டே அழித்தான்.

புதன் காலை, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஆசியா பீவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டானா?" என்று நர்ஸிடம் மூன்று முறை கேட்டார். அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிழைத்துக்கொண்டார். வியாழனன்று வந்த உஸாமா, மெசேஜ் போன நம்பரைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டான். மணிமாறன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"மெசேஜ் வந்துச்சா சார்?" என்றான் உஸாமா.

"வந்துச்சு. படிக்காமயே அழிச்சிட்டேன்."

உஸாமா முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டிலிலிருந்து ஆசியா பீவிதான் மெல்லக் கேட்டார்: "ஏன் தம்பி, எம்புள்ள நம்பருக்கு ஒங்க பொட்டியில எடமில்லாம போச்சா?"

மணிமாறன் தரையைப் பார்த்தான். நேரே கவுண்டருக்குப் போனான்.

அங்கேயே உட்கார்ந்து, எந்த நாட்டு நம்பரும் ஏறும்படி மாற்றினான்.

"அவ்ளோதானாண்ணா?" என்றாள் சங்கவி.

"பத்து நிமிஷ வேலைதான்" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் யாரும் வாசலைப் பார்த்தபடி தனியே உள்ளே போகவேண்டாம். கடல் கடந்து போன பிள்ளைகள் வேளைக்கு வந்து சேரட்டும். உங்கள் வாசல் நிறையச் செருப்புகள் கிடக்கட்டும்.