பக்கத்து இருக்கையின் பிரேக்

1

இப்போதெல்லாம் யாரும் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டுவதில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கிற டிவியைப் பார்த்து ஓட்டுகிறார்கள். பெற்றவன் சொன்னால் நம்பாதவர்கள், ஏதோ ஒன்று 'டிங்' என்றால் உடனே நம்புகிறார்கள். அந்தக் கோபத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் தெரிந்துவிட்டது, கோபம் அதற்கில்லை. என் வீட்டுக்காரி காரில் தூங்கிப்போனாள். அதற்குத்தான்.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், புத்தம் புதிய காரில், நானும் என் துணைவியாரும்...

(மழையே இல்லை. 'துணைவியார்' என்று நான் ஜென்மத்தில் சொன்னதில்லை. அடித்துவிடுங்கள்.)

இரண்டாவது: மகள் புதுக் கார் வாங்கிக் கொடுத்தாள். பழைய காரை ஒருவர் சனிக்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. புதுசு தானாகவே பிரேக் போடும். ரோட்டில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். முன்னால் போகிற வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும். விற்றவர் சொன்னார்: "எல்லாம் ஒரு ஒத்தாசைதான் சார். ஓட்டுறது நீங்கதான். கையை மட்டும் எடுத்துடாதீங்க."

நான் எடுக்கவே இல்லை. அப்படியும் 'ஸ்டீயரிங்கைப் பிடிக்கவும்' என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது.*

* காலமெல்லாம் லாரி ஓட்டியவன் இரண்டு விரலில்தான் பிடிப்பான். இறுக்கிப் பிடித்தால்தான் கை இருப்பதே இதற்குத் தெரியுமாம். பயந்தவன் கைதான் இதற்குக் கை.

3

பழைய காரில் அவள் உட்காரும் பக்கம், கீழே கிடக்கிற ரப்பர் கால்மிதியில் ஒரு குழி இருக்கிறது. அங்கே பெடல் எதுவும் கிடையாது. நான் ஓட்டிய நாளெல்லாம் அவள் காலை ஊன்றி ஊன்றி பிரேக் போட்ட இடம்.

"பாத்து, பாத்து."

"பாத்துக்கிட்டுதான் வரேன்."

"நீங்க பாக்குறீங்க. அந்த லாரிக்காரன் உங்களப் பாக்கணுமே."

"நானும் லாரிக்காரன்தான்."

"அதனாலதான் சொல்றேன்."

பின்சீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலுக்கு இப்போது ஏங்குகிறேன் என்று...

(இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். கிடக்கட்டும்.)

புதுக் காரில் ஏறிய முதல் நாள், பெரிய ரோட்டைப் பிடிப்பதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் இரண்டும் சும்மா கிடந்தன. இத்தனை வருஷம் என்னை நம்பாதவள், நேற்று வந்ததை நம்பிவிட்டாள். ரோட்டைப் பார்க்க நான் ஒருத்தன்தான் மிச்சம்.

4

கதை என்றால் இந்த இடத்தில் ஒரு திருப்பம் வேண்டும். நானே செய்தேன். அடுத்த முறை கிளம்பும்போது, அவளிடம் சொல்லாமல், அந்த ஒத்தாசைகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.

முடிவு ஒன்று: வளைவு வந்ததும் தூக்கத்திலேயே அவள் கால் ஊன்றியது. என் கண் கலங்கியது. (சுத்தப் பொய்.)

முடிவு இரண்டு: அவள் பாட்டுக்குத் தூங்கினாள். இதுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"இன்னைக்கு அதையெல்லாம் ஆஃப் பண்ணிட்டேன். தெரியுமா?"

"தெரியும். அந்த 'டிங்' சத்தமே வரலையே."

"தெரிஞ்சா தூங்குன?"

"முட்டி வலிங்க. காலை ஊன முடியல. ஊன முடியாதவ முழிச்சிருந்து என்ன பண்ணப்போறேன்?"

5

இதுவரை படித்த மகள், "அம்மா உங்களத்தான் நம்பி தூங்குறாங்கன்னு முடிங்கப்பா, நல்லாருக்கும்" என்கிறாள். நல்லாத்தான் இருக்கும். நாற்பது வருஷம் பிரேக் போட்டவள் ஒரே நாளில் என்னை நம்பிவிடுவாளா? காரைத்தான் நம்புகிறாள் என்றால், அது அணைந்திருந்ததும் அவளுக்குத் தெரியும். முட்டி வலி என்றால், மாடிப்படியில் இன்றைக்கும் எனக்கு முன்னால் ஏறுகிறவள் அவள்தான்.

பழைய காரை எடுக்க வந்தவர் கீழே நின்று கூப்பிடுகிறார். அந்தக் கால்மிதியை உருவிக்கொண்டு கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா, கொடுப்பதா வேண்டாமா என்று படி இறங்குவதற்குள் ஏதாவது தோன்றும். அதற்குள் முடிவு வேண்டும் என்பவர்கள் மேலே எழுதியிருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன்.

முட்டி வலியாம்.